எதிர்க்காற்றும் லூபர்ட்டின் கையும்

லூபர்ட் நிம்மதியாக இருக்கப் போகிறார் என்றால், மெப்பல் ஊரில் அவர் தெருவுக்கே ஒரு வாரம் முன்னால் தெரிந்துவிடும். வாசலில், விடுமுறைக்குப் போய்த் தங்கும் கேம்பர் வண்டி வந்து நிற்கும். அதன் கூரை தேய்த்துக் கழுவப்படும். டயரில் காற்று பார்க்கப்படும். பார்த்த காற்று சாயங்காலம் மறுபடியும் பார்க்கப்படும். பிறகு அவர் மனைவி ஃபெம்மி வீட்டுக்கும் வண்டிக்குமாக நடந்து, உருளைக்கிழங்கு, காப்பித்தூள், வேர்க்கடலை வெண்ணெய், பிஸ்கட் டப்பா என்று ஒரு பஞ்சத்தைத் தாங்குமளவு சாமான் ஏற்றுவாள். போகிற இடம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும். அங்கேயும் கடை உண்டு. அங்கேயும் உருளைக்கிழங்கு விற்கிறார்கள். ஆனால் அது அந்த ஊர் உருளைக்கிழங்கு அல்லவா? முன்பின் தெரியாத உருளைக்கிழங்கை நம்பி எப்படிக் கிளம்புவது?

லூபர்ட் ஓய்வு பெற்ற தூக்குப் பாலக்காரர். கால்வாயில் படகு வந்தால் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தூக்குவது அவர் உத்தியோகம். ஒரு பொத்தானை அமுக்கினால் ஊரே நிற்கும். அந்தப் பதவி ஒரு மனிதனை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. பிரசவ வலியோடு போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், பரீட்சைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கட்டைக்கு முன் நின்று வானத்தைப் பார்த்தவர்கள்தான். "ஒரு நிமிஷம், ஐயா!" என்று ஓடிவருகிறவர்களிடம் அவர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, வாழ்நாள் முழுக்க ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கட்டை இறங்கியாச்சு. நாளைக்குச் சீக்கிரம் வாங்க."

பாலத்தை இப்போது எங்கோ ஓர் ஊரிலிருந்து கணிப்பொறி தூக்கி இறக்குகிறது. பதவி போயிற்று. பதவிக்காரர் மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஃபெம்மி என்ன பாடு படுகிறாள் என்பது அவளுக்கும், அவள் வளர்க்கும் ஜெரேனியம் செடிகளுக்கும்தான் தெரியும்.

ஆனால் லூபர்ட்டுக்கு இன்னொரு பதவி இருந்தது. அதை யாரும் பறிக்க முடியாது என்று நம்பியிருந்தார்.

எங்கள் சமவெளியில் தாலி கிடையாது. முதுகில் கை வைப்பது உண்டு. மலை இல்லாத நாட்டில் மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. அது முகத்தில் அறையும்போது, ஜோடியாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலசாலி ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மற்றவர் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். ஒரு மார்ச் மாதத்து எதிர்க்காற்றில், பக்கத்து ஊர்ப் பண்ணையிலிருந்து பால் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஃபெம்மியின் முதுகில், பின்னாலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் அனுமதி கேட்காமல் கை வைத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெப்பல் வரும் வரைக்கும் பேசவில்லை. ஊர் எல்லையில் "நாளைக்கும் இதே நேரம்தான் வருவேன்" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான் காதல். அதற்குப் பிறகு நடந்த கல்யாணம், இரண்டு பெண்கள், வீட்டுக்கடன் எல்லாம் வெறும் விவரங்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக லூபர்ட்டின் வலது கைக்கு விலாசம் ஃபெம்மியின் முதுகு.

அந்த விலாசத்தை இந்த வசந்தத்தில் ஒரு லாரி வந்து அழித்தது.

லாரியிலிருந்து இறங்கியது ஒரு பேட்டரி சைக்கிள். வெண்ணெய் நிறம். ஃபெம்மி யாரையும் கேட்காமல் வாங்கியிருந்தாள்.

லூபர்ட் அதை மூன்று சுற்று சுற்றி வந்தார். "இதுக்கு நம்பர் பிளேட் எங்க?"

"சைக்கிளுக்கு எதுக்கு நம்பர் பிளேட்?"

"இது சைக்கிளா? கால் இருக்கிறவன் மிதிக்கிறான். மோட்டார் இருக்கிறவன் மோட்டார்ல போறான். இது என்ன ரெண்டுங்கெட்டான்?"

"எனக்கு வயசாச்சு, லூபர்ட்."

"எதிர்க்காத்து அடிச்சா நான் இல்லையா?"

ஃபெம்மி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "உனக்கும் வயசாச்சு" என்று சொல்லிவிட்டுச் சார்ஜ் போடப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது என்பதுதான் அவரை அதிகம் சுட்டது. போன மாதம் டாக்டர் அவர் வலது முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "எதிர்க்காத்துல மிதிக்கிறதை இன்னியோட விட்டுடுங்க. பேட்டரி வச்சதா ஒண்ணு வாங்கிக்கோங்க. இல்லேன்னா அந்த முட்டியை மாத்த வேண்டி வரும்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து லூபர்ட் அதை அப்படியே ஃபெம்மியிடம் தெரிவித்தார்: "குதிரை முட்டியாம். டாக்டரே அசந்துட்டார்." அந்தக் குதிரை அன்றிலிருந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், அதுதான் கப்பல்காரர்கள் இறங்கும் முறை என்று பதில்.

ஜூன் மாதம் ஐசல் ஆற்றங்கரைக்குக் கிளம்புவதற்கு முன், ஃபெம்மி சமையலறையில் நின்று ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"ஒரே ஒரு நாள் என்கூட ஓட்டு. நீ சொல்ற வழி, நீ சொல்ற காத்து. சாயங்காலம் வண்டிக்குத் திரும்பி வந்து, என் கண்ணைப் பார்த்து 'முட்டி வலிக்கல'ன்னு சொல்லு. இந்தச் சைக்கிளை வித்துடறேன், பழையபடி என் முதுகு உனக்கு. வலிச்சா, நீயும் இதே மாதிரி ஒண்ணு வாங்கணும். சம்மதமா?"

லூபர்ட் கை நீட்டினார். நாற்பது வருஷமாக முதுகைத் தள்ளிய கைக்கு அன்று கிடைத்தது ஒரு பந்தயக் குலுக்கல். தானும் ஒரு வெண்ணெய் நிறச் சைக்கிளில் ஏறி, இருவரும் தனித்தனி மோட்டாரில், தனித்தனி முதுகோடு போவதை நினைத்துப் பார்த்தார். அப்புறம் இந்தக் கை எதற்கு? சூப்பில் உப்புப் போடவா? அதற்கும் ஃபெம்மி விடமாட்டாள்.

ஆற்றின் மேற்குக் கரையில், ஆப்பிள் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தது அந்த முகாம் புல்வெளி. வந்து சேர்ந்ததும் லூபர்ட் நிம்மதியைத் தொடங்கினார். அதாவது ரசமட்டத்தை எடுத்தார். வண்டிக்குள் மேசை மேல் வைத்தார். குமிழி இடது பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கச் சக்கரத்தின் கீழிருந்த கட்டையை எடுத்து வலப்பக்கம் வைத்தார். குமிழி வலது பக்கம் ஒதுங்கியது. ஃபெம்மி இதற்குள் நாற்காலியை விரித்து, காப்பி போட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து, டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

பக்கத்து வண்டிக்காரர் யானுஸ். தெற்கே பிராபண்ட் பக்கத்து ஆள். வயிறும் சிரிப்பும் பெரிது. கையில் பீர், பக்கத்தில் இரண்டு பேட்டரி சைக்கிள்கள்.

"என்னங்க, பில்லியர்ட்ஸ் ஆடப் போறீங்களா?" என்றார்.

"மட்டம் சரியா இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்றார் லூபர்ட், வண்டிக்கடியிலிருந்து.

"நாங்க ரெண்டு பீர் குடிப்போம். மட்டம் தானா சரியாயிடும்."

ஃபெம்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பை லூபர்ட் குறித்துக்கொண்டார். பிறகு யானுஸின் பார்வை பின்பக்க ஸ்டாண்டில் தொங்கிய சைக்கிள்கள் மேல் போயிற்று. வெண்ணெய் நிறம் ஒன்று; அதன் பக்கத்தில் கறுப்பில் ஒன்று, கியர் கிடையாது, பின்னால் மிதித்தால் நிற்கும் பழைய பிரேக்.

"இந்தக் கறுப்பு யாரோடது? மியூசியத்துல குடுக்கவா கொண்டு போறீங்க?"

"ஓட்டுறதுக்கு" என்றார் லூபர்ட், ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தபடியே. குமிழி சரியாக நடுவில் நின்றது. அந்தப் பயணத்தில் அவருக்கு வாய்த்த கடைசி வெற்றி அது.

மறுநாள் காலை அவர் தோப்பு ஓரமாக நின்று, விரலை நனைத்துக் காற்றில் நீட்டினார். வடக்குக் காற்று. முகம் மலர்ந்தது. எங்கள் நாட்டில் குழந்தைக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு: போகும்போது எதிர்க்காற்றில் போ, வரும்போது பின்காற்றில் வா. தெம்பு இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட்டால், களைத்த பிறகு காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வடக்கே டெவன்டர் நகரம். ஆக, நகரத்துக்குப் போகும்போது எதிர். திரும்பும்போது காற்று தாயைப் போலத் தாங்கும். பந்தயம் இப்போதே ஜெயித்தாயிற்று.

ஃபெம்மி கைப்பேசியைக் காட்டினாள். "மத்தியானம் காத்து தெற்குக்குத் திரும்பும்னு போட்டிருக்கு."

"யார் போட்டது?"

"வானிலைக்காரங்க."

"அவங்க ஆபீஸ்ல ஜன்னல் திறக்க முடியாது, தெரியுமா? நான் பாலத்துல காத்தோட குடித்தனம் பண்ணவன். இது சாயங்காலம் வரைக்கும் வடக்குதான்."

"சரி மகாராஜா. நீ சொல்ற காத்து."

சின்னப் படகுத் துறைக்குப் போய், சைக்கிள்களோடு கிழக்குக் கரைக்குக் கடந்தார்கள். படகோட்டும் பெண் மிகா, சூரியகாந்தி போட்ட மழைக்கோட்டு அணிந்தவள். "கடைசிப் படகை விட்டுடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்வது போல இவர்களிடமும் சொன்னாள். லூபர்ட் புன்னகைத்தார். கடைசி நேரத்தில் ஓடிவருகிற ஜாதியைப் பற்றி அவரிடமா சொல்வது?

கரைமேட்டின் மேல் ஏறியதும் காற்று மார்பில் மோதியது. இரு பக்கமும் பச்சைச் சமவெளி, மாடுகள், வெள்ளிப் பட்டையாக ஆறு. ஃபெம்மி முன்னால், லூபர்ட் சற்றுப் பின்னால். முதல் வளைவு தாண்டி எதிர்க்காற்று நேராக வந்தபோது, நாற்பது வருஷப் பழக்கம் தானாக எழுந்தது. இடது கையால் ஹேண்டில்பாரை இறுக்கினார். முன்னால் எட்டி வந்தார். வலது கையை நீட்டினார்.

விரல்கள் அவள் மழைக்கோட்டைத் தொட்ட அதே நொடியில் ஃபெம்மி ஒரு பொத்தானை அமுக்கினாள். வெண்ணெய் நிறச் சைக்கிள் மெல்லிய ஒரு முனகலோடு முன்னே பாய்ந்தது.

லூபர்ட்டின் கை அந்தரத்தில் நின்றது.

ஐயோ, அந்தக் கை! பாலத்தைத் தூக்கிய கை, ஊரை நிறுத்திய கை, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு வந்த கை, இப்போது டெவன்டர் கரைமேட்டில் யாரையோ ஆசீர்வதிப்பது போல வெறுங்காற்றில் நீண்டு நின்றது. எதிரே வந்த ஒரு கிழவி அதைப் பார்த்துப் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

"என்ன, கூப்பிட்டியா?" என்று தூரத்திலிருந்து ஃபெம்மி கேட்டாள்.

"கொசு" என்றார் லூபர்ட்.

நகரத்துக்குள் நுழையும்போதே முட்டி தன் இருப்பைத் தெரிவித்துவிட்டது. சதுக்கத்தில், பழைய வீடுகளின் முன்னால் குடைகளின் கீழே ஊர் முழுக்கக் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. ஃபெம்மி ஒரு மேசையைப் பிடித்து, காப்பியும் அந்த ஊர்த் தேன் கேக்கும் வரவழைத்தாள். லூபர்ட் தோல்பையைத் திறந்து, வீட்டில் கட்டிய வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டியை மேசைக்கடியில் வைத்துத் தின்றார். உலகின் எந்த நகரத்தின் எந்த அழகான சதுக்கத்திலும் எங்கள் ஆட்கள் இந்த ரொட்டியைத் தின்றிருக்கிறார்கள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

"பேட்டரி சைக்கிள் இன்னொண்ணு வாங்குவோமே, கடை பக்கத்துலதான் இருக்கு. சும்மா பார்த்துட்டு வரலாம்."

"பந்தயம் சாயங்காலம் வரைக்கும், ஃபெம்மி. இப்ப பின்காத்து. கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

ஃபெம்மி ஸ்பூனால் மேலே காட்டினாள். சதுக்கத்து ஓரக் கோபுரத்தின் உச்சியில் ஒரு தகரச் சேவல். காலையில் வடக்கைப் பார்த்து நின்ற அந்தச் சேவல், இப்போது தயங்கித் தயங்கி, யாரோ காதைப் பிடித்துத் திருப்புவது போலத் திரும்பிக்கொண்டிருந்தது. கிழக்கு. தென்கிழக்கு. தெற்கு. அங்கே நின்றுவிட்டது.

லூபர்ட் அதை வெகுநேரம் பார்த்தார்.

"துருப் பிடிச்சிருக்கு" என்றார்.

திரும்பும் வழியில் காற்று அவரை அடையாளம் கண்டுகொண்டது. பாலத்தில் அவரோடு குடித்தனம் பண்ணிய அதே காற்றுதான். விவாகரத்தான மனைவி போல நேருக்கு நேர் வந்து நின்று பழைய கணக்கெல்லாம் தீர்த்தது. ஃபெம்மி நிமிர்ந்து உட்கார்ந்து, புருவம் கூட வியர்க்காமல், மெல்லப் பாடிக்கொண்டு போனாள். லூபர்ட் ஹேண்டில்பாரின் மேல் படுத்துக் கிடந்தார். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிக்குள் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள்.

நிற்க வேண்டும். ஆனால் வலிக்கிறது என்று நிற்க முடியாது. ஆகவே அவர் பறவை பார்க்கத் தொடங்கினார்.

"அதோ, ஆள்காட்டி!" என்று சட்டென்று பிரேக் போட்டு, காலை ஊன்றினார்.

ஃபெம்மி வட்டமடித்துத் திரும்பி வந்தாள். "எங்க?"

"பறந்து போச்சு."

கொஞ்ச தூரம் போனதும்: "கரண்டிவாயன்! பாரு, வெள்ளையா, அந்த ஓரமா!"

"அது பிளாஸ்டிக் பை, லூபர்ட்."

"இப்ப பைதான். முன்னாடி கரண்டிவாயன் இருந்துச்சு."

அப்புறம் ஒரு மூக்கன், இரண்டு நாரை, கடைசியில் இந்த நாட்டுக்கே வராத ஏதோ ஒரு கழுகு. சின்ன வயதிலிருந்து பண்ணையில் வளர்ந்து, குரலை வைத்தே குருவி ஆணா பெண்ணா என்று சொல்லும் ஃபெம்மி, ஒவ்வொரு தடவையும் பொறுமையாக நின்று, வெறும் வானத்தை ரசித்தாள். கழுகின்போது மட்டும், "கழுகு எந்தக் காலை நொண்டிச்சு? வலதா?" என்று கேட்டாள். லூபர்ட் அவசரமாகச் சைக்கிளில் ஏறினார்.

அத்தனை பறவைகளின் புண்ணியத்தில், துறை கண்ணுக்குத் தெரிந்தபோது மிகா கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். லூபர்ட் உயிரைக் கொடுத்து மிதித்தார். சரிவில் இறங்கி, துறைப்பலகை மேல் சக்கரம் தடதடக்க வந்து நின்றபோது, படகுக்கும் கரைக்கும் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குத் தண்ணீர்.

"ஒரு நிமிஷம், அம்மா!" என்று கத்தினார்.

மிகா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, பரிதாபமும் இல்லை. லூபர்ட்டுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நாற்பது வருஷம் கண்ணாடி அறையின் கதவில் பார்த்த தன் முகம்தான் அது.

"கயிறு அவுத்தாச்சு" என்றாள் மிகா. "நாளைக்குச் சீக்கிரம் வாங்க."

படகு போயிற்று. எதிர்க்கரையில் ஆப்பிள் தோப்பும், அதன் நடுவே ரசமட்டம் பார்த்து நிறுத்திய அவர்களுடைய வண்டியும் தெரிந்தன. கூப்பிடு தூரம். வழியோ, டெவன்டருக்கே திரும்பிப் போய்ப் பாலத்தைக் கடந்து, மேற்குக் கரைமேட்டில் மறுபடி இவ்வளவு தூரமும் தெற்கே வர வேண்டும். எதிர்க்காற்றில்.

தனக்குப் பின்னால் ஃபெம்மி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "வா" என்று மட்டும் சொன்னாள். சிரித்திருந்தால் தேவலை.

நகரம் வரை காற்று முதுகில் இருந்தது. அன்று முழுவதிலும் அவருக்குக் கிடைத்த ஒரே பின்காற்று, போகக்கூடாத திசையில் கிடைத்தது. பாலத்தைக் கடந்தார்கள். தூக்கு வசதி இல்லாத, சும்மா நிற்கிற பாலம். லூபர்ட் அதை மரியாதையாகப் பார்க்கக்கூட இல்லை. மேற்குக் கரைமேட்டில் ஏறித் தெற்கே திரும்பினார்கள். ஜூன் மாதச் சூரியன் இன்னும் உயரத்தில் நின்று, எல்லாவற்றையும் நன்றாகத் தெரியும்படி காட்டிக்கொண்டிருந்தது. மறைய ஒரு நிழல் கூட இல்லை.

முதல் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் முட்டி கைவிட்டது. மிதிக்கிறார், கால் போகவில்லை. சைக்கிள் ஆடியது. புல்லில் சாயப் போகிற அந்த வினாடியில்...

முதுகில் ஒரு கை விழுந்தது.

லூபர்ட் உறைந்து போனார். அந்தக் கை சின்னதாக இருந்தது, சூடாக இருந்தது, சரியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவில், எங்கே வைக்க வேண்டுமோ அங்கே இருந்தது. யாருக்கும் சொல்லித் தராமல் வராத இடம் அது. பின்னாலிருந்து மோட்டார் மெல்ல முனகியது. கறுப்புச் சைக்கிள் காற்றைப் பிளந்துகொண்டு முன்னால் போயிற்று.

"எடு" என்றார்.

"எதை?"

"கையை எடு, ஃபெம்மி. ஆளுங்க வராங்க."

உண்மையிலேயே வந்தார்கள். எதிர்ப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் சங்கமே, எல்லாம் அறுபது தாண்டிய ஆண்கள், இறுக்கமான சட்டையும் தொப்பையுமாக வரிசையில் வந்தது. ஒருவர் விடாமல் பார்த்தார்கள். முன்னால் வந்தவர் "மாலை வணக்கம், அம்மா" என்று ஃபெம்மிக்கு மட்டும் சொன்னார். கடைசியாக வந்தவர் "தாத்தாவுக்குப் பாட்டிதான் பேட்டரி!" என்று கத்திவிட்டுப் போனார்.

"பார்த்தியா? மானம் போச்சு!"

"மானம் போனா போகட்டும், நீ விழாம வா. இறங்கி நடக்கிறியா? வண்டிக்குப் போய்ச் சேர விடிஞ்சிடும்."

லூபர்ட் நடக்கவில்லை. முட்டி நடக்கவும் விடாது என்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. பார்க்கட்டும். கொஞ்ச தூரத்துக்குப் பிறகு, பல்லைக் கடிப்பதை மறந்துவிட்டார். ஆறு பொன்னாக இருந்தது. புல் ஒரே திசையில் படுத்து எழுந்தது. நாற்பது வருஷமாக அவள் முதுகை மட்டுமே பார்த்து ஓட்டியவர், எங்கள் நாட்டுச் சமவெளி எவ்வளவு பெரியது என்று அன்றுதான் பார்த்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே ஓர் ஆள்காட்டி வயலிலிருந்து கத்திக்கொண்டு எழுந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

முகாமுக்குள் நுழையும்போது கூட ஃபெம்மி கையை எடுக்கவில்லை. யானுஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"அடடா! மியூசியத்தைத் தள்ளிக்கிட்டே வந்துட்டீங்களா, அம்மா?"

"பாதி வழிதான்" என்றாள் ஃபெம்மி. "மீதிப் பாதியில பறவை பார்த்தோம்."

வண்டிக்குள் அவர் முட்டியில் ஐஸ் பை வைத்து உட்கார்ந்தார். ஃபெம்மி உருளைக்கிழங்கு உரித்தாள். மெப்பலிலிருந்து வந்த உருளைக்கிழங்கு. பிறகு அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சரி. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

லூபர்ட் பார்த்தார். சொல்லத்தான் நினைத்தார். பாலக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. ஆனால் முதுகில் அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது.

"வலிக்குது" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னார், நிஜமா?"

"நீ சொன்னதைத்தான் சொன்னார்."

"பின்னே ஏன்யா இந்தக் குதிரைக் கதையெல்லாம்?"

அவர் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். "நீ மோட்டார்ல போயிட்டா, இது எதுக்கு, ஃபெம்மி? அன்னிக்கு இது உன் முதுகுல பட்டதாலதானே நீ..." தரையில் ஐஸ் தண்ணீர் சொட்டியது.

ஃபெம்மியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறாள் என்று நினைத்து லூபர்ட் பதறினார். அவள் அழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே."

"சொல்லு."

"உன் கை முதுகுல பட்ட உடனே நான் மிதிக்கிறதை விட்டுடுவேன்."

"எப்ப?"

"எப்பவுமே. முதல் நாள் பால் பண்ணையிலிருந்து வந்தப்பவும்தான். காலைச் சும்மா சுத்த விட்டுட்டு, ஜாலியா மாடு பார்த்துக்கிட்டு வருவேன்."

லூபர்ட் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது வருஷம். ஒரு முழுப் பெண்மணி. சில வருஷங்கள் கூடையில் குழந்தையும்கூட. "முழுக்க நானா?"

"முழுக்க நீதான்."

"அதான் முட்டி போச்சு!"

"அதான் நான் பேட்டரி வாங்கினேன். திருப்பித் தரணும்ல?"

வெளியே யானுஸ் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. லூபர்ட் ஐஸ் பையை மாற்றி வைத்தார். உலகத்தின் மிகப் பெரிய துரோகத்தைக் கேட்ட மனிதரின் முகம், கொஞ்சம் கொஞ்சமாக, உலகத்தின் மிகப் பெரிய பலசாலியின் முகமாக மாறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காப்பிக்கும் ஒற்றைப் பிஸ்கட்டுக்கும் பிறகு, ஃபெம்மி கைப்பேசியை நீட்டினாள். "டெவன்டர்ல அந்தக் கடை ஒன்பது மணிக்குத் திறக்குது. பந்தயம் பந்தயம்தான். என்ன நிறம் வேணும்?"

லூபர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலத்தில் கட்டை இறக்கும்போது வரும் அதே குரல் வந்தது.

"மோட்டார் வச்ச சைக்கிள்ல நான் ஏறமாட்டேன். கொள்கை."

"அப்போ டாக்டர்? முட்டி?"

"டாக்டர் எதிர்க்காத்துல மிதிக்காதேன்னுதானே சொன்னார்? மிதிக்காமப் போறதுக்கு வழி இல்லையா என்ன?" அவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நேத்து நீ வச்சது... கை வலிக்கலையே உனக்கு?"

ஃபெம்மி அவரையே பார்த்தாள். பிறகு மழைக்கோட்டை எடுத்தாள்.

கரைமேட்டில் தெற்குக் காற்று தயாராகக் காத்திருந்தது. கடை இருக்கும் வடக்கை விட்டு, அதற்கு எதிராகத் தெற்கே திரும்பினார்கள். கறுப்புச் சைக்கிள் முன்னால், வெண்ணெய் நிறம் பக்கவாட்டில், நடுவில் ஒரு கை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். லூபர்ட் ஒவ்வொருவருக்கும் தலையசைத்து வணக்கம் சொல்லிக்கொண்டே போனார். பவனி வருகிற ராஜா மாதிரி, கொள்கையில் ஒரு கீறல் கூட விழாத மனிதர் மாதிரி.

கொஞ்ச தூரம் போனதும் ஃபெம்மியின் மோட்டார் அதிகமாக முனகியது. அவள் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

"லூபர்ட், நீ மிதிக்கிறியா, இல்லையா?"

"மிதிக்கிறேன், மிதிக்கிறேன்" என்றார் அவர், மாடுகளைப் பார்த்துக்கொண்டே.